மேற்படி வெளிச்சம்

இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகைக் கீறி அந்தக் கறுப்பு நரம்பை இழுத்துப் போடும் வேலையை ஆரம்பித்துவிட்டால் நடுவில் எழுந்திருக்க முடியாது. கையெல்லாம் கவிச்சி, மதில்மேல் காக்கா, பக்கத்தில் பூனை. இசைவாணி கடலூர் முதுநகர் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில், நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அந்த வேலையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் புருஷன் கதிரவன் சிதம்பரத்திலிருந்து வந்து சேர்ந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வாணி, நம்ம வெளிச்சத்தக் காணோம்னு எழுதிட்டாங்க," என்றான்.

இசைவாணி கையிலிருந்த இறாலைக் கிண்ணத்தில் போட்டாள். "எப்ப மாமா காணாமப் போச்சு?"

"போவல. வெச்ச எடத்துலதான் இருக்குது."

"அப்பறம் என்னா, எடுத்துக் காட்ட வேண்டியதுதான?"

"காட்ட முடியாது. அது கண்ணுக்குத் தெரியாது."

அவள் அடுத்த இறாலை எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வெளிச்சத்தோடு அவளுக்குப் பழக்கம் உண்டு. பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

கதிரவன் சிதம்பரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் லேசர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். லேசர் என்றதுமே தெருவில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அந்த வருஷங்களில் லேசர் ஒரு பெரிய நாகரிகமாக இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் போட லேசர், கன்னத்து மருவை எடுக்க லேசர், கல்லடைப்புக்கு லேசர், மாநாட்டுப் பந்தலில் வானத்துக்குக் கோடு இழுக்க லேசர். பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் தன் மகளுக்கு உதட்டுக்கு மேலே இருக்கும் பூனைமுடியை எடுத்துவிட முடியுமா என்று கதிரவனையே கேட்டுவிட்டாள். தன்னுடைய லேசர் அதற்கெல்லாம் ஆகாது என்றான் அவன். பின்னே எதற்கு ஆகும் என்று கேட்டாள். அவன் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தான். அவள் அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள்.

இசைவாணி எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் புருஷனுடைய பிழைப்பு என்னவென்று தெரியாமல் இருக்க முடியுமா. தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சம் ஓடும். அந்த இழைக்குள்ளேயே ஓரிடத்தில் நெருக்க நெருக்கமாகக் கோடு போட்ட மாதிரி செய்திருப்பார்கள். அதற்குக் கிரேட்டிங் என்று பேர். வருகிற வெளிச்சத்தில் எல்லா நிறத்தையும் போகவிட்டு, ஒரே ஒரு நிறத்தை மட்டும் வந்த வழியே திருப்பி அனுப்புவது அதன் வேலை.

இதைக் கேட்டபோது அவளுக்குத் தாலுக்கா ஆபீஸ் ஜன்னல்தான் ஞாபகத்துக்கு வந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு, ரேஷன் கார்டில் பேர் சேர்க்கப் போன அவளை மட்டும் நாளைக்கு வா என்று திருப்பிய ஜன்னல் அது. அந்த மாதிரிதானே என்று கேட்டாள். கதிரவன் யோசித்துவிட்டு, ஏறக்குறைய அப்படித்தான் என்றான். இழையின் இரண்டு முனையிலும் அப்படி ஒவ்வொரு ஜன்னல் இருக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட நிறம் இங்கேயும் அங்கேயும் அலைந்து, அலைய அலையப் பலம் ஏறி, கடைசியில் ஒரு பக்கமாக வெளியே பாயும். அதுதான் லேசர் என்றான். அலைய அலையப் பலம் ஏறும் என்ற இடம்தான் அவளுக்கு நம்பும்படியாக இல்லை. தாலுக்கா ஆபீசுக்கு அலைந்ததில் அவளுக்குக் கால்தான் வீங்கியது.

இனி, வெளிச்சம் காணாமல் போன விவரம். ஆராய்ச்சி முடிந்து, ஆய்வேட்டை எழுதி, நீல அட்டை போட்டுக் கட்டியும் ஆகிவிட்டது. அதை ஒப்படைக்க வேண்டுமானால், 'இன்னார் பொறுப்பில் இருந்த பொருள்கள் யாவும் சரியாக உள்ளன' என்று பண்டகசாலையில் ஒரு சான்று வாங்க வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைத்ததற்கு அத்தாட்சியைக் காட்டினால் கடலூரிலேயே ஒரு பொறியியல் கல்லூரியில் வாத்தியார் வேலை காத்திருந்தது. ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்போது அத்தாட்சி கையில் இல்லையென்றால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார். உதவித்தொகை நின்றுபோய், இசைவாணியின் அண்ணன் சேரன் வீட்டு மாடியில் அவர்கள் குடியிருந்த சமயம் அது. சேரன் ரேடியோ செட்டும் சீரியல் பல்பும் வாடகைக்கு விடுபவன். தங்கையிடம் மட்டும் வாடகை கேட்டதில்லை. கேட்காததை அவன் பெண்டாட்டி அமராவதி தெருவில் எல்லோருக்கும் அவ்வப்போது ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தாள்.

பண்டகசாலைக் கண்காணிப்பாளர் சிற்றம்பலம் நல்ல மனிதர். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவர். அப்படிப்பட்டவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழியே கிடையாது. வருஷா வருஷம் ஏப்ரலில் ஒரு கையில் வெள்ளைப் பெயிண்ட் டப்பா, மறுகையில் பிரஷ்ஷோடு ஒவ்வோர் அறையாக வருவார். பொருளைக் கண்ணால் காண்பார். அதன்மேல் நம்பர் எழுதுவார். அடுத்த பொருளுக்குப் போவார். நாற்காலிக்கு நம்பர், மின்விசிறிக்கு நம்பர், குப்பைக்கூடைக்கு நம்பர். ஒரு தடவை நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்ப மனமில்லாமல் அவர் சட்டைமேலேயே எழுதிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அவர் அதை மறுத்ததில்லை.

கதிரவனின் அறைக்கு உரிய பொருள்களில் 'கண்ணாடி இழை லேசர் ஒளி, ஒன்று' என்று இருந்தது. அந்த ஒன்றைக் காட்டச் சொன்னார். கதிரவன் மீட்டரைக் காட்டினான். அதில் எண் ஏறி இறங்கியது.

"இது மீட்டரு. இதுக்குப் போன வருஷமே நம்பர் போட்டாச்சு. வெளிச்சம் எங்க தம்பி?"

"இந்த முனையிலேர்ந்து வருது சார்."

சிற்றம்பலம் குனிந்து, முனைக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார். கதிரவன் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தான். நேராகப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்றான்.

சிற்றம்பலம் நிமிர்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கண்ணுக்குத் தெரியாதுன்றீங்க. கண்ணு போயிடும்ன்றீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க தம்பி, எழுதிக்கிறேன்."

அந்த வெளிச்சம் பட்டால் மினுங்குகிற ஓர் அட்டை உண்டு. கதிரவன் ஓடிப்போய்த் தன் பையிலிருந்து அதை எடுத்துவந்து இழைக்கு முன்னால் நீட்டினான். அட்டையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தது. சிற்றம்பலத்தின் முகம் மலர்ந்தது. அட்டையைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அட்டையில் வெளிச்சம் தெரிவது உண்மைதான், ஆனால் இந்த அட்டை அறைக் கணக்கிலேயே இல்லையே என்றார். ஆக அன்றைய நிலவரப்படி வெளிச்சம் ஒன்று குறைவு, அட்டை ஒன்று அதிகம் என்று ஆயிற்று.

கடைசியாகக் கதிரவன், அறை விளக்கை அணைத்தால் சுருட்டி வைத்திருக்கும் இழை லேசாகப் பச்சையாக மினுங்கும், அதையாவது பாருங்கள் என்று கெஞ்சினான். சிற்றம்பலம் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். பொருள்களைப் போதிய வெளிச்சத்தில்தான் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. வெளிச்சத்தைப் பார்ப்பதற்காக வெளிச்சத்தை அணைத்தார் என்று நாளைக்கு யாராவது மேலே எழுதிப்போட்டால் அவர் பென்ஷன் என்னாவது. 'மேற்படி வெளிச்சம் நேரடிச் சரிபார்ப்பில் காணப்படவில்லை' என்று எழுதி, பெயிண்ட் டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

கதிரவனுக்கு வழிகாட்டி பேராசிரியர் ராமாமிர்தம். ஆராய்ச்சியில் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். ஆபீஸ் என்றால் வேட்டியைக்கூட விட்டுக்கொடுத்துவிடுவார். அந்த வருஷம் அவருக்கு ஓய்வு. எதுவானாலும் கடலூர் தணிக்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பதுதான் முறை என்றார். எழுதிக் கேட்டார்கள்.

காணாமல் போன பொருள் குறித்துக் காவல் நிலையத்தில் புகார் தரப்பட்டதா என்று தணிக்கை அலுவலகம் கேட்டது. பொருள் காணாமல் போகவில்லை, காணப்படவில்லை, அவ்வளவுதான் என்று பண்டகசாலை பதில் எழுதியது. காணப்படாத பொருள் காணாமல் போகவில்லை என்பதற்கு ஆதாரம் என்ன என்று தணிக்கை கேட்டது. மேற்படி ஆதாரத்தைத் தணிக்கையே நேரில் காணலாம் என்று பண்டகசாலை எழுதியது. காணப்படாததைக் காணுமாறு கோருவது முறையா என்று தணிக்கை கேட்டது. இப்படிக் கோப்பு சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே போய்ப் போய்த் திரும்பியது. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் முன்னைவிடத் தடியாக இருந்தது. அலைய அலையப் பலம் ஏறும் என்று கதிரவன் சொன்னது இசைவாணிக்கு அப்போதுதான் விளங்கியது.

எதற்கும் இருக்கட்டும் என்று கதிரவன் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்வந்தான். காணாமல் போன பொருள் என்ன நிறம், கடைசியாக அதைப் பார்த்தது யார் என்று ஏட்டய்யா கேட்டாராம். நிறம் உண்டு ஆனால் தெரியாது, இதுவரை யாரும் பார்த்ததில்லை என்று இவன் உள்ளதைச் சொன்னான். ஏட்டய்யா பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், சாப்பாடெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று விசாரித்து அனுப்பினார்.

மே மாதம் பிறந்துவிட்டது. தனியாகப் போனால் வேலைக்கு ஆகாது, கைக்குழந்தையோடு பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போய் நின்றால்தான் ஆபீசர்களுக்கு மனசு இளகும் என்று அமராவதி யோசனை சொன்னாள். அப்படியே கதிரவன், இசைவாணி, அவர்களுடைய பெண் தமிழினி மூன்று பேரும் தணிக்கை அலுவலர் மணவாளன் முன்னால் போய் நின்றார்கள். இசைவாணி வாசல் நிலையை ஒட்டியே நின்றுகொண்டாள். ஆபீசர் என்றாலே அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மணவாளன் மேஜைமேல் ஒரு பூவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னச் சாடி மாதிரி ஒரு தண்டு. அதன் மேலே கொத்தாகப் பிளாஸ்டிக் இழைகள். ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரு பொட்டு வெளிச்சம். சிவப்பாகும், நீலமாகும், பச்சையாகும், மறுபடி சிவப்பாகும். அந்த வருஷம் சில்வர் பீச்சுக்குக் காற்று வாங்கப் போன ஒருவரும் அந்த விளக்கை வாங்காமல் திரும்பவில்லை. அரசாங்கம் கொடுத்த கலர் டி.வி. எந்த வீட்டில் இருந்ததோ அந்த வீட்டு டி.வி.யின் தலையில் அதுவும் இருந்தது. சேரன்கூடத் தமிழினிக்கு ஒன்று வாங்கி வந்திருந்தான். அதைப் போட்டால்தான் அவள் வாயில் சோறு இறங்கும்.

மணவாளன் கோப்பை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டுப் பூவிளக்கை முன்னால் இழுத்து வைத்தார். "இதுலயும் பைபர்தான இருக்குது? வெளிச்சம் தெரியுதா இல்லியா? பீச்சுல தள்ளுவண்டிக்காரன் விக்கிற பைபர்லயே வெளிச்சம் தெரியுது. அரசாங்கம் வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்ச பைபர்ல தெரியலன்னா, நான் மேல என்னான்னு எழுதறது? நீங்களே சொல்லுங்க."

கதிரவன் அலைநீளம் என்று ஆரம்பித்து நெடுநேரம் பேசினான். மணவாளன் முழுப் பொறுமையோடு கேட்டார். கேட்டு முடித்து, உள்ளே ஒரு சின்ன பல்பு வைத்தால் சரியாகுமா என்றார். ஆகாது என்றான் கதிரவன். அப்படியானால் தானே நேரில் வந்து பார்த்து ஆவன செய்வதாகச் சொல்லி அனுப்பினார்.

ஆபீசர் நேரில் வருகிறார் என்றால் சாப்பாடு முக்கியம். ராமாமிர்தம் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், வறுவலுக்கு வஞ்சிரம் கிடைக்குமா என்று மட்டும் கதிரவனைக் கேட்டார். முதுநகரில் இருந்துகொண்டு வஞ்சிரத்துக்குப் பஞ்சமா. இசைவாணி காலையிலேயே குழம்பு, வறுவல், நண்டுத் தொக்கு எல்லாம் செய்து அடுக்கில் அடைத்து, ஒயர் கூடையில் வைத்து, தமிழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதிரவனோடு பஸ் ஏறினாள். அகலமான ரயில் வருவதற்காக இருந்த ரயிலையும் நிறுத்திப் பாதையைப் பெயர்த்துப் போட்டிருந்த காலம். புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நின்று நின்று போனது பஸ். பழக்கமில்லாத இடத்தில் பிள்ளை சாப்பிட அடம்பிடிக்குமே என்று கூடையின் ஓரத்தில் அந்தப் பூவிளக்கையும் சொருகி வைத்திருந்தாள்.

ஆராய்ச்சி அறையில் ஏ.சி. குளிர் தாங்காமல் தமிழினி வீறிட்டு அழுதாள். கதிரவன் தன் இழையின் முன்னால் குனிந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தான். ஆபீசர் வரும் நேரம். இசைவாணிக்கு வேறு வழி தெரியவில்லை. பூவிளக்கை எடுத்து அந்த மேஜைமேலேயே ஓர் ஓரமாக வைத்து, சுவரில் பிளக்கைச் சொருகினாள். பிள்ளையின் அழுகை நின்றது. சிவப்பு, நீலம், பச்சை.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. முன்னால் மணவாளன், பின்னால் ராமாமிர்தம், அதற்கும் பின்னால் பெயிண்ட் டப்பாவோடு சிற்றம்பலம்.

மணவாளன் வாசலிலேயே நின்றுவிட்டார். "இவ்ளோ பளிச்சுனு எரியுது. என்னாய்யா காணப்படலன்னு எழுதி வெச்சிருக்க?"

சிற்றம்பலம் பூவிளக்கைப் பார்த்தார். கதிரவனைப் பார்த்தார். "அன்னிக்கி இது இங்க காணப்படல சார்," என்றார். பொய் சொல்லாத மனிதர்.

கதிரவன் வாயைத் திறந்தான். ராமாமிர்தம் அவன் காலை மிதித்தார். அவன் வாய் திறந்தபடியே நின்றது. 'அது எங்க பாப்பாவோடதுங்க' என்று சொல்ல இசைவாணிக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. அதோடு கூடவே ஜூன் மாதமும் வந்தது, சேரன் வீட்டு மாடியும் வந்தது, படிக்கட்டின் கீழே நின்று தெருவுக்குக் கேட்கும்படி பேசும் அண்ணியும் வந்தாள். பிறந்ததிலிருந்து ஆபீசர் முன்னால் தானாக ஒரு வார்த்தை பேசியறியாதவள். அன்றைக்கு மட்டும் எதற்கு என்று விழுங்கிவிட்டாள்.

மணவாளன் விளக்கைச் சுற்றி வந்து பார்த்தார். தன் மேஜையில் இருப்பதைவிட இதில் பிரகாசம் ஜாஸ்தி, வெளிநாட்டுச் சரக்கு என்றால் வெளிநாட்டுச் சரக்குதான் என்றார். ராமாமிர்தம் ஆமாம் என்றார். ஒரு விஞ்ஞானி வாயால் அது வந்ததில் மணவாளனுக்குச் சந்தோஷம். சிற்றம்பலம் பிரஷ்ஷைத் தொட்டு, விளக்கின் தண்டில் சுத்தமாக, மூக்கு முழி வைத்த மாதிரி நம்பர் எழுதினார். அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தமிழினி கையை நீட்டினாள். அவர் மெதுவாக அந்தக் கையை விலக்கிவிட்டார்.

"தொடக்கூடாது பாப்பா. கவுர்மெண்ட்டு."

எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். வஞ்சிரத்தைத் தின்று கைகழுவி வந்த மணவாளன், ஏப்பம் விட்டபடி அறையைச் சுற்றிப் பார்க்கையில் கதிரவனின் இழைப்பெட்டி கண்ணில் பட்டது. சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி. உள்ளே சுருள் சுருளாக அந்த இழை. அது என்ன என்று கேட்டார்.

கதிரவனுக்குள் ஏதோ ஒரு நப்பாசை எழுந்தது. "அதுதான் சார் லேசர்."

"லேசர்தான் பாத்து முடிச்சாச்சே. இது என்னா?"

சிற்றம்பலம் கிட்டே போய்ச் சோதித்தார். மின்சாரம் கொடுக்கும் கருவிக்கு நம்பர் இருந்தது. மீட்டருக்கு இருந்தது. மேஜைக்கு இருந்தது. நடுவில் இருந்த அந்தப் பெட்டிக்கு மட்டும் இல்லை. கணக்கில் வராத அந்நியப் பொருளை அரசுக் கட்டடத்தில் வைத்திருப்பது ஒழுங்கீனம் என்று முடிவாயிற்று. கொண்டுவந்தவர் அதை அன்றைக்கே அப்புறப்படுத்தினால், வேறு நடவடிக்கை இல்லாமல் சான்று வழங்கலாம் என்று மணவாளன் பெருந்தன்மையோடு சொன்னார். அந்த இடத்திலேயே சான்றில் கையெழுத்தும் போட்டார். நண்டுத் தொக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

பூவிளக்கு வந்த ஒயர் கூடையில் இழைப்பெட்டி வீட்டுக்குத் திரும்பியது. சிதம்பரத்திலிருந்து முதுநகர் வரைக்கும் தமிழினி விளக்கைக் கேட்டு அழுதாள். கதிரவன் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தான். ஆலப்பாக்கம் தாண்டியபோது ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான்.

"நான் சொல்லியிருக்கணும் இல்ல வாணி?"

"நீங்க வாயத் தொறந்தீங்க மாமா. நான் பாத்தேன்," என்றாள் அவள். வேறு என்ன சொல்வது.

ஆய்வேட்டை ஒப்படைத்தான். ஜூனில் வேலையில் சேர்ந்தான். பிறகு வாய்மொழித் தேர்வும் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். கூட்டத்திலிருந்து ஒரே ஒருவர் எழுந்து, இந்த லேசர் வீட்டு உபயோகத்துக்கு எப்போது வரும் என்று கேள்வி கேட்டார். விரைவில் என்றார் ராமாமிர்தம். அவர் ஓய்வு பெற்ற அன்று எடுத்த படத்தில், மாலையோடு பூவிளக்கின் பக்கத்தில்தான் நிற்கிறார். அந்த விளக்கை இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்களாம். அதற்கென்று தனி ஏ.சி.

இழைப்பெட்டி சேரன் வீட்டு மாடியில், டி.வி.யின் தலைமேல் உட்கார்ந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் கருவி சிதம்பரத்திலேயே நின்றுவிட்டது. சொருகுவதற்கு இதில் பிளக் கிடையாது. சொருகினாலும் எரிவதற்கு ஒன்றும் கிடையாது. அப்படியே கிடந்திருக்கும், ஒருநாள் சாயந்தரம் ஆரோக்கியம்மாள் சீரியல் பார்க்க மேலே வராமல் இருந்திருந்தால். அவள் பெட்டியைப் பார்த்து, இதுதானா அந்த லேசர் என்றாள். புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் முட்டிவலிக்கு லேசர் வைக்கிறார்களாம், அவளுடைய நாத்தனார் மூன்று தடவை வைத்துக்கொண்டு இப்போது ஓடுகிறாளாம். சொல்லிக்கொண்டே சீரியல் முடியும் வரைக்கும் தன் முட்டியைப் பெட்டிக்கு நேராக நீட்டி வைத்துக்கொண்டாள்.

இது எரியவில்லை அக்கா என்று இசைவாணி சொல்லிப் பார்த்தாள்.

"ஒங்க வூட்டுக்காரரே சொன்னாரேம்மா, அது கண்ணுக்குத் தெரியாதுன்னு. தெரியலன்னா எரியலன்னு ஆயிடுமா?"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆரோக்கியம்மாள் மாதா கோயில் பூசைக்குப் போய் முழங்கால் போட்டு, யாருடைய கையையும் பிடிக்காமல் எழுந்தாள். அதற்கப்புறம் தெருவைக் கேட்கவா வேண்டும். முட்டிவலிக்காரர்கள் வந்தார்கள், தோள்பட்டைக்காரர்கள் வந்தார்கள், குதிகால்காரர்கள் வந்தார்கள். செங்குத்தான அந்த மாடிப்படியை ஏறி வந்து, பெட்டிக்கு நேராக முட்டியை நீட்டி உட்கார்ந்து, தேவலாம் என்று சொல்லி இறங்கிப் போனார்கள். கதிரவன் கல்லூரியிலிருந்து வந்து தலையில் அடித்துக்கொண்டான். அதில் கரண்டே இல்லை என்று ஒவ்வொருவரிடமாகச் சொன்னான். எவ்வளவு பெரிய படிப்பு, எவ்வளவு அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள். பெட்டியைக் கல்லூரிக்காவது தூக்கிப் போய்விடலாம் என்று பார்த்தான். அங்கே முதல்வர் தனியாகக் கூப்பிட்டு, தன் மாமியாருக்கு இடுப்பு என்றார். தனி வீடு பார்க்கலாம் என்று ஆரம்பித்தபோது அமராவதி கண்கலங்கிவிட்டாள். சொந்த வீடு இருக்கையில் வெளியில் போய் இருப்பதா என்றாள். வருகிறவர்களுக்கு அவள் கீழே டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள், சும்மா இல்லை.

ஒருநாள் சிற்றம்பலமே சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். குனிந்து குனிந்து நம்பர் எழுதி அவருக்கு முதுகு போய்விட்டிருந்தது. டீ வேண்டாம் என்றார். பெட்டிக்கு முதுகைக் காட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்தார். இசைவாணிக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ.

"ஏதாச்சும் தெரியுதுங்களா சார்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "ஆனா இருக்குது."

அடுத்த வாரம் ஜீப் வந்து நின்றது. மணவாளனுக்கு இரண்டு முட்டியும். வரிசையில் நிற்க முடியாதே என்று சிங்காரம் என்ற மீன்காரர் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். மணவாளன் பெட்டிக்கு முன்னால் பேன்ட்டை மடித்துவிட்டு உட்கார்ந்து, அறையில் வெளிச்சம் ஜாஸ்தியாக இருக்கிறது, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள் என்றார்.

இசைவாணி சாத்தினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்க் குழாயடியில் நின்று சிரித்தாள். படித்தவர்கள், ஆபீசர்கள், தெருக்காரர்கள் அத்தனை பேரையும் நினைத்துச் சிரித்தாள். இந்த ஊரில் அந்தப் பெட்டியின் சங்கதி முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒன்று கதிரவன், இன்னொன்று தான் என்பதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பிறகொரு நாள் மத்தியானம். ஒரு வாளித் துணியைத் துவைத்து, மொட்டைமாடியில் உலர்த்திவிட்டு இறங்கி வந்தாள். தமிழினி தூங்கிக்கொண்டிருந்தாள். தெரு அடங்கிக் கிடந்தது. பிரசவத்துக்கு அப்புறம் இசைவாணிக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு உண்டு; துவைத்த அன்றைக்கு விண்விண்ணென்று தெறிக்கும்; சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான். உட்காரும் இடம் டி.வி.க்கு முன்னால் அமைந்துபோனது. முதுகு பெட்டிப் பக்கமாகத் திரும்பியதும் தற்செயல்தான். அதில் கரண்ட் இல்லை, எரிகிற கருவி இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று அவளுக்குத் தெரியாதா. நன்றாகத் தெரியும். இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டுமே, கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இடுப்பில் கதகதப்பாக, மயிலிறகால் தடவிய மாதிரி...

"வாணி, கதவத் தொறடி, சனங்க வந்து நிக்கிறாங்க," என்று கீழேயிருந்து அமராவதி குரல் கொடுத்தாள்.

"இதோ வந்துட்டேன் அண்ணி," என்று இசைவாணி துடித்து எழுந்தாள். எழுந்து இரண்டு எட்டு வைத்த பிறகுதான் கவனித்தாள், இந்தத் தடவை சுவரைப் பிடிக்காமலே எழுந்துவிட்டிருந்தாள்.